நின்றுபோன கணக்கு: விவசாயக் கூலிகளைப் பற்றிய அரசு ஆய்வுகளும் நாமும்



இலக்கிய அமைப்பு நடத்தும் கூட்டத்தில் நான் கதையையோ கவிதையையோ பற்றிப் பேசப் போவதில்லை. அட்டவணைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். அழைத்தபோதே தோழர்களிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர்களும் சரி என்றார்கள். காரணம், இந்த நினைவுச் சொற்பொழிவு யார் பெயரில் நடக்கிறதோ அவர் எழுதிவைத்துப் போனதும் ஒரு அட்டவணைதான். அவரைப் பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்தார், ஓய்வு பெற்ற பிறகு விவசாயத் தொழிலாளர்களோடு கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போய்வந்தார். நான் பொருளாதாரம் படிக்கப் போனதும் அவர் சொல்லித்தான்.

அவர் இறந்தபின் அவருடைய மஞ்சள் பை என்னிடம் வந்தது. அதில் ஒரு குயர் நோட்டு இருந்தது. பக்கத்தைக் குறுக்காக வைத்து ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டிருக்கிறார். மேலே ஆண்டுகள்: 1950-51, 1956-57, 1963-65, 1974-75, 1977-78, 1983, 1987-88, 1993-94, 1999-2000, 2004-05, 2009-10. பக்கவாட்டில் ஆண் கூலி, பெண் கூலி, கடன்பட்ட குடும்பம் நூற்றுக்கு எத்தனை, ஒரு குடும்பத்துக்குச் சராசரிக் கடன். சில கட்டங்களில் இரண்டு எண்கள். ஒன்று எல்லோருக்கும், சிவப்பு மையில் இருப்பது பட்டியல் சாதியினருக்கு மட்டும். கடைசியாக இன்னொரு கட்டம் போட்டு மேலே 2016-17 என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே ஒன்றும் இல்லை.

அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகளுக்கும் கூலி நிர்ணயிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் நாட்டில் விவசாயக் கூலி எவ்வளவு வாங்குகிறார், எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, எதைச் சாப்பிடுகிறார் என்று அரசிடம் ஒரு கணக்கும் கிடையாது. அதனால் 1950-51இல் சுமார் 800 ஊர்களில் முதல் விவசாயத் தொழிலாளர் விசாரணை நடந்தது. ஆறு வருடம் கழித்து 1956-57இல் இரண்டாவது விசாரணை. அதற்குப் பிறகு இது ஊரகத் தொழிலாளர் விசாரணை என்று பெயர் மாறியது. 1977-78 முதல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்திய பெரிய வேலைவாய்ப்பு ஆய்வோடு சேர்த்தே எடுக்கப்பட்டது. அந்தத் தரவிலிருந்து தொழிலாளர்களுக்கான பகுதியைப் பிரித்து, சிம்லாவிலும் சண்டிகரிலும் இருக்கும் லேபர் பீரோ தனித்தனிப் புத்தகங்களாகப் போடும். கூலிக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, நுகர்வுக்கு ஒன்று, வேலை கிடைத்த நாட்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி அட்டவணை. இந்திய அரசு வெளியிட்ட அறிக்கைகளில் சேரியை நினைவில் வைத்து எழுதப்பட்டவை என்று விரல்விட்டு எண்ணினால் இவை அதில் வரும்.

இரண்டாவது விசாரணை முடிவுகளைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நேருவின் காலம், முதல் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்துவிட்டது. எல்லாரும் முன்னேற்றத்தை எதிர்பார்க்கிறார்கள். விசாரணை சொன்னது இது: ஆண் கூலியின் சராசரி நாள் கூலி 109 பைசாவிலிருந்து 96 பைசாவாகக் குறைந்திருக்கிறது. பெண்ணுக்கு 68 பைசா 59 ஆகியிருக்கிறது. ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 447 ரூபாயிலிருந்து 437 ஆகிவிட்டது. கடன்பட்ட குடும்பங்கள் நூற்றுக்கு 45 என்று இருந்தது 64 ஆகிவிட்டது. சராசரிக் கடன் 47 ரூபாயிலிருந்து 88 ரூபாய். சுதந்திரம் கிடைத்து, திட்டமும் போட்டு, கூலிக்காரன் கீழே போயிருக்கிறான் என்று அரசின் புத்தகமே சொன்னது.

அந்தக் கணக்கில் குறை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நெல்லாகக் கொடுத்த கூலியை முதல் விசாரணையில் சில்லறை விலையில் மதிப்பிட்டார்கள், இரண்டாவதில் மொத்த விலையில். விவசாயக் கூலிக் குடும்பம் எது என்ற வரையறையும் மாறியிருந்தது. ஆகவே இரண்டையும் ஒப்பிட முடியாது என்று பொருளாதார அறிஞர்கள் சண்டை போட்டார்கள். வி.கே.ஆர்.வி. ராவ் இதைப் பற்றி ஒரு புத்தகமே தொகுத்தார். ஆனால் அந்தச் சண்டை நடந்தது அறிக்கை வெளியான பிறகு. 1960இல் அரசு அதை அச்சடித்துக் கொடுத்தது. குறை இருக்கிறது என்று சொன்னவர்களும் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். இதை நினைவில் வைத்திருங்கள். திரும்ப வருவோம்.

நெல்லுக் கூலியைச் சில்லறை விலையில் போடுவதா மொத்த விலையில் போடுவதா என்பது உங்களில் சிலருக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாம் கீழத்தஞ்சைக்காரர்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கோரிக்கை. அந்த அரைப்படிக்கு ஒரு விலை உண்டு. அதை எந்த விலையில் கணக்குப் போடுவது என்பது நமக்கு வெறும் கணிதம் ஆகாது.

வாத்தியார் இந்தப் புத்தகங்களின் ஜெராக்ஸைப் பையில் வைத்துக்கொண்டுதான் முத்தரப்புப் பேச்சுவார்த்தைக்குப் போவார். இரண்டு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். அவர் கத்த மாட்டார். எதிர்ப்பக்கம், "எங்க வயல்ல யாரும் கடன்ல இல்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லும்போது, பையிலிருந்து கடன் புத்தகத்தை எடுத்து, பக்கத்தில் மடித்து வைத்த இடத்தைப் பிரித்து, அதிகாரி பக்கம் திருப்பிவைப்பார். "இது நான் எழுதினதில்லைங்க. சர்க்கார் எழுதினது." அவ்வளவுதான் பேச்சு. அதில் கடன் எங்கே வாங்கப்பட்டது என்று ஒரு பட்டியல் இருக்கும். வட்டிக்காரர், கடைக்காரர், கூட்டுறவு, வங்கி, உறவினர். அதோடு ஒரு வரி, வேலை கொடுப்பவர். வேலை கொடுப்பவரிடமே கடன் என்றால் என்ன அர்த்தம் என்று 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் படித்த எந்த அதிகாரிக்கும் விளங்கும். நம் வாயிலிருந்து வந்தால் அது புலம்பல். அதே விஷயம் அரசு அட்டவணையில் இருந்தால் அதிகாரி பேனாவைக் கையில் எடுப்பார். இது நியாயமில்லைதான். ஆனாலும் இப்படித்தான் இருக்கிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1932இல் லோதியன் குழுவில் இருந்தபோது என்ன நடந்தது என்று பின்னாளில் எண்களோடு எழுதிவைத்திருக்கிறார். வாக்குரிமையும் பிரதிநிதித்துவமும் எண்ணிக்கையை வைத்துத்தான் கிடைக்கும் என்று தெரிந்த உடனே, தீண்டப்படாதவர்கள் தாள்களிலிருந்து காணாமல் போகத் தொடங்கினார்கள். ஐக்கிய மாகாணத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1 கோடியே 26 லட்சம் என்று சொன்னது. அந்த மாகாண வாக்குரிமைக் குழு 6 லட்சம் என்றது. வங்காளத்தில் 1 கோடியே 3 லட்சம், குழுவின் கணக்கில் 70 ஆயிரம். சென்ற ஆண்டுவரை கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்று விரட்டப்பட்டவர்கள், எண்ணும்போது மட்டும் இல்லாமல் போனார்கள். அம்பேத்கரால் அதை மறுக்க முடிந்ததற்குக் காரணம் அவரிடம் எதிர் எண் இருந்தது. 1931 கணக்கெடுப்பு அச்சில் இருந்தது. இங்கே அயோத்திதாசர் 'தமிழன்' இதழில் 1911 குடிமதிப்பைப் பற்றி அவ்வளவு எழுதியதும், யார் நம்மை என்ன பெயரில் எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்பது வாழ்க்கைப் பிரச்சினை என்று அவருக்குத் தெரிந்ததால்தான்.

இப்படிச் சொல்வதால் அரசுக் கணக்கைக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கெடுப்பவர் எப்படி வருவார் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் ஊருக்கு ஒருவர் வந்தார். தெருவுக்குள் வரவில்லை. ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தலையாரி மூலம் ஆள் கூப்பிட்டுவிட்டார். அம்மா நடவு முடிந்து சேற்றுக் காலோடு போய் நின்றார். "மாசத்துக்கு எத்தனை கிலோ அரிசி?" அம்மாவுக்குக் கிலோ கணக்கு வராது, படிக் கணக்குதான். அவர் மாற்றி எழுதிக்கொண்டார். "கறி?" "ஆட்டுக்கறிங்க, எப்பயாச்சும்." வீட்டுக்கு வந்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி வாங்கின நாளை நான் பார்த்ததே இல்லை. அந்தப் படிவத்தில் மாட்டிறைச்சிக்குத் தனி வரி உண்டு என்பது படித்து முடித்தபின் தெரிந்தது. அந்த வரியில் விழ வேண்டிய எங்கள் வீட்டு எண் வேறு வரியில் விழுந்துவிட்டது. இந்தியாவின் நுகர்வுக் கணக்கில் என் அம்மா சொன்ன ஒரு பொய் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் அப்படித்தான் பதில் கிடைக்கும்.

ஆனால் குறையுள்ள கணக்கைத் திருத்த முடியும். இல்லாத கணக்கை என்ன செய்வது?

இனி நின்றுபோன கதைக்கு வருகிறேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த பெரிய வேலைவாய்ப்பு ஆய்வு கடைசியாக நடந்தது 2011-12இல். அடுத்தது 2016-17 வாக்கில் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 2017இல் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு என்ற புதிய ஆய்வு தொடங்கியது. இது ஒவ்வொரு ஆண்டும் வேலையின்மை விகிதத்தைத் தருகிறது, கூலியையும் கேட்கிறது, சமூகப் பிரிவையும் குறித்துக்கொள்கிறது. நல்ல விஷயங்கள் அதில் உண்டு. தரவை இலவசமாகத் தரவிறக்கலாம். கணினியில் கையாளத் தெரிந்த மாணவர்கள் விவசாயக் கூலிகளைத் தனியே பிரித்தும் எடுக்கலாம். ஆனால் கடன் இல்லை. நுகர்வைப் பற்றி விரிவான கேள்விகள் இல்லை. வேலை கொடுப்பவர் என்ற அந்த வரி இல்லை. பழைய ஆய்வின்மேல் உட்கார்ந்திருந்த ஊரகத் தொழிலாளர் விசாரணை, கீழே இருந்த நாற்காலி எடுக்கப்பட்டதும் விழுந்துவிட்டது. யாரும் கூட்டம் போட்டுக் கண்டிக்கவில்லை. பத்திரிகையில் தலைப்புச் செய்தி வரவில்லை. வாத்தியார் மட்டும் கட்டம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

விவசாயிகளுக்கு இது நடக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விவசாயக் குடும்பங்களின் நிலை பற்றிய ஆய்வு 2003, 2013, 2019 என்று மூன்று முறை நடந்திருக்கிறது. அதனால்தான் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2013இல் 6,426 ரூபாய், 2019இல் 10,218 ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் பேச முடிகிறது. வருமானம் இரட்டிப்பானதா இல்லையா என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் மோத முடிகிறது. அந்த ஆய்வில் இடம்பெற, குடும்பம் சொந்தமாகப் பயிரோ கால்நடையோ வைத்து ஒரு குறிப்பிட்ட தொகைக்கு விளைவித்திருக்க வேண்டும். கூலிக்கு மட்டும் போகிறவர் அதில் வரமாட்டார். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் சொந்தமாகப் பயிரிடுவோர் 11.88 கோடி, விவசாயக் கூலிகள் 14.43 கோடி. தமிழ்நாட்டில் 42 லட்சத்துக்கு எதிராக 96 லட்சம். பெரிய கூட்டத்துக்குக் கணக்கு நின்றது, சிறிய கூட்டத்துக்குத் தொடர்கிறது. விவசாயி படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2022இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணிய 11,290 தற்கொலைகளில் 5,207 பேர் விவசாயிகள், 6,083 பேர் விவசாயக் கூலிகள். செத்த பிறகு எண்ணும் கணக்கில் நாம் இருக்கிறோம்.

இரண்டாவது அடி நுகர்வுச் செலவின ஆய்வில் விழுந்தது. இது ஒரு குடும்பம் என்ன சாப்பிட்டது, எதற்குச் செலவழித்தது என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்களைக் கேட்டு எழுதும் ஆய்வு. வறுமைக் கோட்டைக் கணக்கிட இதுதான் ஆதாரம். 2009-10இல் இது நடந்தபோது கடும் வறட்சி. அந்த ஆண்டின் எண்களை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று அன்றைய அரசு நினைத்தது. அதற்காக 2009-10 அறிக்கையைப் புதைக்கவில்லை. அதையும் வெளியிட்டு, இரண்டு வருடத்தில் 2011-12இல் மறுபடி ஒரு ஆய்வு நடத்தியது. இரண்டும் நம் கையில் இருக்கின்றன. 2011-12 ஆய்வை வைத்துத்தான் கிராமத்து வறுமை பட்டியல் சாதியினரிடம் நூற்றுக்கு 31.5, பழங்குடியினரிடம் 45.3 என்று சொல்ல முடிந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத மற்றவர்களிடம் அது 15.5தான்.

அடுத்த ஆய்வு 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை. பணமதிப்பிழப்பு நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, ஜி.எஸ்.டி. அப்போதுதான் வந்தது. 2019 நவம்பரில் பிசினஸ் ஸ்டாண்டர்டு பத்திரிகை அந்த அறிக்கையின் முடிவுகளை வெளியிட்டது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் தலைக்கு மாதச் செலவு 1,501 ரூபாயிலிருந்து 1,446 ரூபாயாகக் குறைந்திருந்தது. கிராமங்களில் மட்டும் 8.8 சதவீதச் சரிவு. அன்றே புள்ளியியல் அமைச்சகம், தரவின் தரத்தில் பிரச்சினை இருக்கிறது, இந்த ஆய்வு முடிவுகள் வெளியிடப்பட மாட்டா என்று அறிவித்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வெளியிடச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். நடக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில்தான் வேலையின்மை அறிக்கையைத் தடுத்து வைத்ததற்காகத் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். அந்த அறிக்கை தேர்தல் முடிந்த பிறகாவது, மே 31 அன்று வெளிவந்தது. நுகர்வு அறிக்கை வரவே இல்லை.

1960இல் கெட்ட செய்தியை அச்சடித்தார்கள் என்று சொன்னேனே, அதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தரத்தில் சந்தேகம் சொல்லப்பட்டது. ஒன்றில் சந்தேகம் புத்தகத்தோடு வந்தது. இன்னொன்றில் சந்தேகம் மட்டும் வந்தது, புத்தகம் வரவில்லை.

நமக்கு என்ன இழப்பு என்று கேட்டால், குறிப்பாக இது. கசிந்த அறிக்கையின் சுருக்க எண்களை வைத்தே நம் சென்னைப் பொருளாதார அறிஞர் எஸ். சுப்ரமணியன் கிராமத்து வறுமை கூடியிருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் குடும்பம் குடும்பமாக இருக்கும் மூலத்தரவு வெளிவராததால் சேரியில் எவ்வளவு, ஊரில் எவ்வளவு என்று பிரிக்க யாருக்கும் வழியில்லை. பணமதிப்பிழப்பின்போது கூலியைப் பழைய நோட்டில் வாங்கிக்கொண்டு மாற்ற முடியாமல் நின்றவர்கள் நாம். அந்த ஒரு வருடம் நம் பானையில் என்ன நடந்தது என்பதற்கு அரசு பணம் செலவழித்து, நம்மிடமே கேட்டு, எழுதிவைத்த சாட்சி ஒன்று இருக்கிறது. அது பூட்டிக் கிடக்கிறது.

பதினொரு வருட இடைவெளிக்குப் பின் 2022-23இல் ஆய்வு நடந்து 2024இல் எண்கள் வந்தன. கிராமத்தில் பட்டியல் சாதியினரின் தலைக்கு மாதச் செலவு 3,474 ரூபாய், மேலே சொன்ன அந்த மற்றவர்களுக்கு 4,392. நகரத்தில் நம் எண் 5,307, அங்கே பழங்குடியினரையும்விட நாம்தான் கீழே. மாணவர்கள் இந்த நகர எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்பவர்களிடம் பேச உதவும். கிராமத்தில் 2011-12இல் மற்றவர்கள் 100 ரூபாய் செலவழித்தால் நாம் 73 ரூபாய், 2022-23இல் 79 ரூபாய். இடைவெளி குறைந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை, குறைந்திருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தமுறை ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய், வேறு படிவங்களோடு கேட்டிருக்கிறார்கள். பழையதோடு நேராக ஒப்பிடக்கூடாது. நடுவில் 2017-18 இருந்திருந்தால் குறைந்ததா, விழுந்து எழுந்ததா என்று தெரிந்திருக்கும்.

இடைவெளியில் என்ன முளைத்தது என்பதும் முக்கியம். ஆய்வு இல்லாத வருடங்களில் வறுமையைப் பற்றி யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம் என்று ஆனது. பன்னாட்டு நிதியத்தின் பெயரில் 2022இல் வந்த ஒரு கட்டுரை, இந்தியாவில் கொடிய வறுமை 2019இல் 0.8 சதவீதம்தான் என்றது. உலக வங்கி ஆய்வாளர்கள் ஒரு தனியார் நிறுவனத்தின் தரவை வைத்து அதைவிடப் பல மடங்கு அதிகம் என்றார்கள். அந்தத் தனியார் தரவை வாங்க ஒரு அரசுக் கல்லூரி மாணவியிடம் பணம் இருக்காது. என்னிடம் ஆய்வு செய்ய வந்த ஒரு பெண், விவசாயக் கூலிப் பெண்களின் கடன் என்று தலைப்பு எடுத்து வந்தாள். கடைசியாகக் கிடைக்கும் அட்டவணை அவள் ஆரம்பப் பள்ளியில் படித்த வருடத்தையது. கடன் பற்றிய வேறு அரசு ஆய்வைப் பார்த்தால், அதில் கிராமத்துக் குடும்பங்களைப் பயிரிடுவோர், பயிரிடாதோர் என்று இரண்டாகத்தான் பிரித்து அச்சிடுகிறார்கள். அவளுடைய அம்மாவும் பள்ளித் தலைமை ஆசிரியரும் ஒரே பிரிவு. தலைப்பை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேறு வழி தெரியாமல் சரி என்றேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கூலிக்கு வருகிறேன். விவசாயத் தொழிலாளர்களுக்கென்று ஒரு விலைக் குறியீட்டெண் உண்டு. விலைவாசி ஏறினால் கூலி எவ்வளவு ஏற வேண்டும் என்று அதை வைத்துச் சொல்வார்கள். நூறு நாள் வேலைக் கூலியை 2011இல் இதோடுதான் கட்டினார்கள். அந்தக் குறியீட்டெண்ணுக்கு அடிப்படை ஆண்டு 1986-87. அதன் கூடை, அதாவது ஒரு கூலிக் குடும்பம் நூறு ரூபாயில் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்ற கணக்கு, 1983 ஆய்விலிருந்து எடுத்தது. அதில் உணவுக்கு 69 ரூபாய். மருத்துவம், படிப்பு, பேருந்து, எல்லாம் சேர்த்து 12 ரூபாய்கூட இல்லை. 1983இல் அம்மா கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. கேஸ் சிலிண்டர் வாங்கவில்லை. என்னை நர்சிங் படிக்க வைக்கலாமா, கட்டணம் கட்ட முடியுமா என்று யோசிக்கவில்லை. தக்காளி விலை இறங்கினால் கூலிக்காரர் செலவு குறைந்துவிட்டது என்று இந்த எண் சொல்லும். ஆஸ்பத்திரிச் செலவு ஏறினால் இதற்குக் காதில் விழாது. மகேந்திர தேவ் குழு 2014இலேயே இதை மாற்றச் சொன்னது. 2025 ஜூலையில்தான் புதிய வரிசை வந்தது, அடிப்படை ஆண்டு 2019. பரவாயில்லை என்று நினைத்துப் புதுக் கூடையை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்தால், 2011-12 ஆய்விலிருந்து. 2017-18 ஆய்வைத் தூக்கிப் போட்டதால் அதற்குப் பக்கத்தில் வேறொன்று இல்லை. தமிழ்நாட்டில் 2025-26க்கு நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த 336க்குள் என் அம்மாவின் 1983ஆம் வருடத்து அடுப்பு இருக்கிறது.

சாதிவாரிக் கணக்கெடுப்பு வரப்போகிறது, 2027இல் எல்லாம் தெரிந்துவிடும் என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். வரட்டும், 1931க்குப் பிறகு வருகிறது, நாம் கேட்டு வாங்கியது. அருந்ததியர், பறையர், பள்ளர் என்று தனித்தனியே நிலைமை தெரிய வேண்டும் என்ற கேள்வியும் 2024 ஆகஸ்ட் தீர்ப்புக்குப் பின் முன்பைவிட அவசரமாகிவிட்டது. மாதிரி ஆய்வுகள் நம்மை ஒரே கட்டத்தில்தான் போட்டுவந்தன. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தலையை எண்ணும், கூரையை எண்ணும். கூலி எவ்வளவு என்று கேட்காது. கடன் யாரிடம் என்று கேட்காது. அதற்கு வேறு படிவம் வேண்டும், அந்தப் படிவத்தைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே ஊரகத் தொழிலாளர் விசாரணையை மறுபடி நடத்து, 2017-18 மூலத்தரவை வெளியிடு என்ற இரண்டையும் நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அமைப்பிடம் கேட்டுக்கொள்கிறேன். சங்கங்களின் பட்டியலில் இது இதுவரை இல்லை. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் போய்ச் சொல்லாததும் ஒரு காரணம்.

வாத்தியார் கடைசியாகப் போன பேச்சுவார்த்தையில் நான் இல்லை. கூடப் போன தோழர் சொன்னார். வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறார். எதிர்ப்பக்கத்துக்காரர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னைக்கோ எடுத்த கணக்கு வாத்தியாரே. புதுசு இருந்தா கொண்டாங்க, பேசுவோம்" என்று சிரித்தாராம். அதிகாரியும் பேனாவை மூடிவிட்டார். வாத்தியார் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, வழியில் ஒன்றும் பேசாமல் பேருந்து நிறுத்தம்வரை நடந்திருக்கிறார். பேருந்தில் ஏறியபின், "நாமளே எடுத்தா என்ன?" என்று கேட்டாராம்.

அதைத்தான் இப்போது தொடங்கியிருக்கிறோம். பழைய விசாரணையின் கேள்விகளையே எடுத்துத் தமிழில் படிவம் தயாரித்திருக்கிறோம். கூலி, வேலை கிடைத்த நாள், கடன், கடன் யாரிடம். படிக்கும் கிலோவுக்கும் இரண்டு இடம் விட்டிருக்கிறோம். மாட்டுக்கறிக்குத் தனி வரி இருக்கிறது. அரசு ஆய்வுக்கு இது ஈடாகாது, நாடு முழுக்கச் சொல்லவும் முடியாது. இந்த வட்டத்தில் பன்னிரண்டு ஊர்களில் மட்டும், சம்பா அறுவடை முடிந்ததும் தொடங்குகிறோம். தெருவுக்குள் போய், வீட்டுக்குள் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் முதல் கேள்வி கேட்க வேண்டும் என்பது நிபந்தனை. படிவம் வாசலில் மேசைமேல் இருக்கிறது. வரக்கூடிய மாணவர்கள் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வாத்தியாரின் நோட்டும் அங்கேதான் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.